ஓடுகிற தண்ணீர் ஏன் குழாயின் வழுவழுப்பை அடித்துக்கொண்டு போவதில்லை?

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மலை ஊற்றிலிருந்து கறுப்பு பைப்பில் தாங்கிக்கும், அங்கிருந்து லயத்துப் பீலிக்கும் (தொழிலாளர் வீட்டு வரிசையின் தண்ணீர்க் குழாய்க்கும்) தண்ணீர் வருகிறது. வெடித்த பைப்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று ஒரு படை. இரவு பகலாக வேகமாகத் தண்ணீர் ஓடும் இடத்தில் இது எப்படி ஒட்டியது, ஓட்டம் ஏன் அதைக் கழுவிக்கொண்டு போகவில்லை, குளோரீன் தூள் போட்டும் ஏன் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, சுடுதண்ணீரில் கழுவிய கேனில் கொண்டுபோன பால் ஏன் புளித்துப்போகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அது பாசி இல்லை. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். கறுப்பு பைப்புக்குள் வெளிச்சம் போகாது. மூடியில்லாத தாங்கியின் சுவரிலும் பீலிக்குக் கீழே உள்ள கல்லிலும் பச்சையாக இருப்பது பாசி. பைப்புக்குள் இருப்பது பற்றீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டிய உயிர்ப்படலம். பழுப்பு நிறம் பெரும்பாலும் இரும்பால் வருவது. மண்சரிவுப் பக்கம், கான் ஓரம், நீர் கசியும் இடங்களில் செம்மஞ்சள் நிறத்தில் குழைவாக ஒன்று படிந்து, அதற்கு மேலே எண்ணெய் மிதப்பதைப் போல மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குச்சியால் அதைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெயாக இருந்தால் திரும்ப ஒன்றுசேரும். இது தகடு தகடாக உடைந்து அப்படியே நிற்கும். லெப்டோதிரிக்ஸ், கலியோனெல்லா போன்ற இரும்புப் பற்றீரியாக்களின் வேலை அது. உங்கள் ஊற்றிலும் அவை இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். "வேகமாக ஓடுகிறது" என்று நாம் சொல்வது பைப்பின் நடுவில் ஓடும் தண்ணீரை. சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் ஓடுவதே இல்லை. சுவரோடு ஒட்டிய படலத்தின் வேகம் சுழியம், அங்கிருந்து விலக விலகத்தான் வேகம் ஏறும். உங்கள் பைப் அரை அங்குலம் என்றால், தண்ணீர் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவரை ஒட்டி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புக்குச் சுழிப்பு அடங்கிய அமைதியான படலம் இருக்கும். ஒரு பற்றீரியாவின் தடிப்பு ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. சுவரிலிருந்து அந்த உயரத்தில் தண்ணீரின் வேகம் செக்கனுக்கு மூன்று நான்கு மில்லிமீற்றர் மட்டுமே. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு நாம் நினைக்கிற வேகம் அந்த உயிரியின் உலகத்தில் கிடையவே கிடையாது.

அது மட்டுமல்ல. அவ்வளவு சிறிய உடலுக்குத் தண்ணீரின் பிசுக்குமைதான் (அசைவைத் தடுத்துப் பிடிக்கும் தன்மைதான்) எல்லாம், தன் எடையும் வேகமும் ஒரு பொருட்டே இல்லை. நீந்திக்கொண்டிருக்கும் பற்றீரியா நீந்த உதவும் வால் போன்ற தன் சவுக்குமுளையை நிறுத்தினால் எவ்வளவு தூரம் வழுக்கிப்போய் நிற்கும் என்று எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1977இல் கணக்கிட்டுக் காட்டினார். ஓர் அணுவின் விட்டத்தை விடவும் குறைந்த தூரம்தான். எனவே சுவரில் மோதித் தெறிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கிட்டே வந்தால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியா போன்றவை சுவருக்கு அருகே நீந்தும்போது நேராகப் போக முடியாமல் வட்டம் போடுகின்றன. சவுக்குமுளை ஒரு பக்கம் சுழல, உடல் மறுபக்கம் சுழல, சுவரின் உராய்வு இரண்டையும் வேறு வேறு திசைக்குத் தள்ளுவதால் வருவது அது. விளைவு என்னவென்றால், சுவரருகே நெடுநேரம் தங்கிவிடுகின்றன.

சரி, கிட்டே வந்தாயிற்று. ஒட்டுவது எப்படி? இங்கேதான் இந்த விஷயத்தின் அழகே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பற்றீரியாவின் வெளிப்பரப்பில் பொதுவாக மறை மின்னேற்றம் (நெகட்டிவ் சார்ஜ்) இருக்கும். தண்ணீரில் கிடக்கும் பிளாஸ்டிக், கண்ணாடி, கல் எல்லாமே பெரும்பாலும் மறை ஏற்றம்தான். ஒரே ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். அதே நேரம் எல்லாப் பொருட்களுக்கும் இடையே வந்தர்வாலின் விசை எனப்படும், மிகக் கிட்டத்தில் செயற்படும் ஓர் ஈர்ப்பும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்கும் கோட்பாட்டை 1941இல் தெர்யாகின், லண்டாவ் என்ற இரு ரஷ்யர்களும், 1948இல் வெர்வே, ஓவர்பீக் என்ற இரு ஒல்லாந்தர்களும் உருவாக்கினார்கள். அந்தக் கணக்கின்படி, வரும் துகள் சுவரிலிருந்து சில நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒன்று) தள்ளி, இலேசான ஈர்ப்பு உள்ள ஓர் இடத்தில் தங்கி நிற்கும். அதற்கு உள்ளே போக ஒரு தள்ளுவிசைத் தடை இருக்கும். தடையைத் தாண்டினால் மிகப் பலமான ஈர்ப்பு.

அந்தத் தடை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது தண்ணீரில் கரைந்துள்ள உப்பைப் பொறுத்தது. கடல்நீரில் ஒரு நனோமீற்றரும் இல்லை. நம் மலைநாட்டு ஊற்றுகள் கெட்டியான பழைய பாறைகளுக்கு இடையிலிருந்து வருபவை. பாறை எளிதில் கரையாது, மழையும் நிறைய, எனவே தண்ணீரில் உப்பு குறைவு. சோப்பு நன்றாக நுரைப்பதும் கேத்தலில் வெள்ளைக் காரை அவ்வளவாகப் பிடிக்காததும் அதனால்தான். இப்படிப்பட்ட தண்ணீரில் தடையின் வீச்சு பத்து நனோமீற்றர் அளவுக்கும் அதற்கு மேலும் நீளும். அப்படிப் பார்த்தால் மலைத் தண்ணீரில் பற்றீரியா ஒட்டுவது கடினமாக இருக்க வேண்டும்!

ஆனால் ஒட்டுகிறது. காரணம், அது தன் முழு உடலையும் கொண்டுவந்து சுவரில் வைப்பதில்லை. அதன் உடம்பிலிருந்து நுண்மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஈ.கோலையின் ஒரு வகை நுண்மயிர் 7 நனோமீற்றர் தடிப்பும் ஒன்றிரண்டு மைக்ரோமீற்றர் நீளமும் கொண்டது. தள்ளுவிசை பொருளின் பருமனோடு கூடும். பருத்த உடலுக்குப் பெரிய தடையாக இருப்பது, இவ்வளவு மெல்லிய நுனிக்கு ஒன்றுமே இல்லை. உடல் எட்ட நிற்க, நுனி மட்டும் உள்ளே நுழைந்து பிடித்துக்கொள்கிறது.

அப்புறம், அந்தச் சுவர் வெறும் பிளாஸ்டிக்கும் அல்ல. புதுப் பைப்பில் தண்ணீர் பட்ட சில நிமிடங்களிலேயே இலைதழை மக்கிய கழிவு, புரதம், மாப்பொருள் துணுக்குகள் எல்லாம் அதில் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். பற்றீரியா பிடிப்பது அந்தப் பூச்சைத்தான். "நல்ல கம்பனி பைப் போட்டால் ஒட்டாதா?" என்று பலர் கேட்பார்கள். பூச்சு படிந்தபின் கம்பனி வித்தியாசம் ஓரளவு மறைந்துவிடும். பைப்பின் உட்புறம் எவ்வளவு வழவழப்பானது என்பதுதான் அதைவிட முக்கியம். கீறல்களின் அகலம் பற்றீரியாவின் உடல் அளவுக்கு ஒத்திருந்தால் அது உடலின் இரு பக்கமும் தொடும்படி உட்கார்ந்துகொள்ளும், ஓட்டமும் அங்கே எட்டாது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்: ஓட்டம் ஏன் பிய்த்தெடுக்கவில்லை? முன்னர் சொன்ன அதே பைப்பில், சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பற்றீரியாவைத் தண்ணீர் எவ்வளவு விசையோடு இழுக்கும் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 30 பைக்கோ நியூட்டன் வருகிறது. 100 கிராம் எடையைத் தாங்க ஒரு நியூட்டன் வேண்டும். அதை இலட்சம் கோடியாகப் பிரித்து எடுத்த 30 பங்கு இது. ஈ.கோலையின் நுண்மயிர் சுருள் சுருளாகப் பின்னப்பட்டது. ஏறக்குறைய இதே 30 பைக்கோ நியூட்டன் அளவில் இழுத்தால் அந்தச் சுருள் பிரிந்து பல மடங்கு நீளும், ஆனால் அறாது. திடீரென்று ஓட்டம் கூடினால் அந்த அதிர்ச்சியை நுண்மயிரின் நீட்சி வாங்கிக்கொள்கிறது. நுனியில் உள்ள பிடி பாதுகாப்பாக இருக்கிறது. ஒரே உயிரியில் இப்படிப் பல நுண்மயிர்கள் இருப்பதால் சுமையும் பங்கிடப்படுகிறது.

நுனிப் பிடியில் இன்னும் பெரிய ஆச்சரியம் உண்டு. 2002இல் அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி தோமஸ், எவ்கேனி சொகுரென்கோ, வயோலா வோகல் ஆகியோர் ஈ.கோலையை ஓடும் நீரில் வைத்துச் சோதித்தார்கள். ஓட்டம் மெதுவாக இருந்தபோது எளிதில் கழன்றவை, ஓட்டம் கூடியபோது இறுகப் பிடித்தன. நுண்மயிரின் நுனியில் உள்ள புரதம் மனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும். இழுவிசை அந்தப் புரதத்தின் வடிவத்தைத் திருகி, சர்க்கரை உட்கார்ந்திருக்கும் குழியை இறுக்கிவிடுகிறது. மாட்டுக்குப் போடும் சுருக்குக் கயிறு இழுக்க இழுக்க இறுகுவதுதான் அங்கே நடப்பது. மனோஸ் உள்ள பரப்பில்தான் இந்தப் பிடி வேலை செய்யும், வெறும் பிளாஸ்டிக்கில் செய்யாது. ஆனாலும், வேகமாகத் தண்ணீர் விட்டால் எல்லாம் போய்விடும் என்ற நம் எண்ணத்தைத் தலைகீழாக்க இது ஒன்றே போதும்.

மலை ஓடைகளில் பொதுவாகக் காணப்படும் இன்னொரு உயிரி இதையும் மிஞ்சியது. கோலோபக்டர் கிரெசென்டஸ் என்பது அதன் பெயர். சத்துக் குறைந்த நன்னீரில் வாழும், ஒரு காம்பின் நுனியில் பசைப்பொட்டு ஒன்றை வைத்துக்கொண்டு கல்லில் ஒட்டும். சுவரில் பட்ட சில செக்கன்களுக்குள் அந்தப் பசையைச் சுரக்கத் தொடங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் ஒரு மெல்லிய வளையும் கண்ணாடிக் குழலால் இதை ஒவ்வொன்றாகப் பிய்த்து, குழல் வளைந்த அளவிலிருந்து விசையை அளந்தார்கள். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 70 நியூட்டன். அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பு முழுக்க இந்தப் பசை இருந்தால் 700 கிலோவைத் தொங்கவிடலாம். ஒரு தனி உயிரியைப் பிய்க்கத் தேவைப்பட்ட விசை மைக்ரோ நியூட்டன் (நியூட்டனில் பத்து இலட்சத்தில் ஒன்று) அளவு. உங்கள் பைப்பின் ஓட்டம் கொடுக்கும் 30 பைக்கோ நியூட்டனை விடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது தாங்கியை இன்னும் பத்தடி உயரத்தில் கட்டி வேகத்தைக் கூட்டினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சூடோமோனாஸ் என்ற பற்றீரியா வகையோ சும்மா ஒட்டிக்கொண்டும் இராது. நுண்மயிரை நீட்டி, முன்னால் ஒட்டவைத்து, உள்ளே இழுத்துச் சுவரில் ஊர்ந்து போகும். ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கியும் போகும். பீலியின் வாயில் தொற்றிய ஒன்று அங்கேயே நின்றுவிடும் என்று உறுதியாக நம்ப முடியாது.

இவை ஏன் இவ்வளவு பாடுபட்டு ஒட்ட வேண்டும்? ஊற்றுத் தண்ணீரில் சாப்பாடு மிகக் குறைவு. மிதந்து போனால் தன்னைச் சுற்றியுள்ள அதே தண்ணீரோடுதான் போக வேண்டும். ஒட்டிக்கொண்டால் புதுத் தண்ணீர் ஓயாமல் சத்தைக் கொண்டுவந்து தரும். நுண்ணுயிரியலாளர் பில் கொஸ்டர்டனும் அவருடைய கூட்டாளிகளும் 1970களில் கனடாவின் மலை ஓடைகளில் பார்த்ததும் இதைத்தான். தெளிந்த தண்ணீரில் மிதந்தவை கொஞ்சம், அடியில் கிடந்த கற்களில் ஒட்டியிருந்தவையோ பல மடங்கு. நம் ஓயாக்களில் கால் வைத்தால் வழுக்கும் கல்லும் அந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஆகவே ஓட்டம் இவற்றுக்கு எதிரி அல்ல, சோறு போடுகிற கை.

ஒட்டியபின் அவை பிசின் சுரக்கின்றன. பல்சக்கரைட்டு என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த உயிரிகளிலிருந்து வெளியான டி.என்.ஏ. எல்லாம் கலந்த அந்தப் பிசினில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெட்டிய பைப்பில் விரலை வைத்து மெதுவாக வழித்துப் பாருங்கள். மேலே குழைவாக ஒரு படை வழுக்கிக்கொண்டு வரும். அதைத் துடைத்த பிறகும் சுவர் வழுவழுப்பாகவே இருக்கும். நகத்தால் சுரண்டி, ஒரு துணியால் அழுத்தித் தேய்த்த பின்தான் பிளாஸ்டிக் "கிரீச்" என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வரும்வரை அடிப்படை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வேகமான ஓட்டத்தில் வளர்ந்த படலம் மெல்லியதாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். மெதுவான ஓட்டத்தில் வளர்ந்தது தடித்துத் தளர்வாக இருக்கும். தளர்ந்த படலம், ஓட்டம் திடீரென்று கூடும்போது துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். ஊற்று வற்றியிருந்த நாட்களுக்குப் பிறகு தென்மேல் பருவமழையின் முதல் வெள்ளம் வந்ததும் பீலியில் பழுப்புக் கட்டிகள் வந்ததாகச் சொன்னீர்களே, அது பெரும்பாலும் இதுதான். அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம், கொஞ்ச நேரம் ஓட விடுங்கள்.

குளோரீன் ஏன் தோற்றது? மிதக்கும் பற்றீரியாவைக் குளோரீன் எளிதில் கொல்லும். படலத்துக்குள் இருப்பதைக் கொல்ல அது முதலில் உள்ளே போக வேண்டும். போகிற வழியிலேயே பிசினோடு தாக்கம் புரிந்து தீர்ந்துபோகிறது. 1994இல் நுண்ணிய மின்வாய்களைப் படலத்துக்குள் குத்தி அளந்தபோது, வெளித் தண்ணீரில் இருந்த குளோரீனில் ஐந்தில் ஒரு பங்கும் உள்ளே போயிருக்கவில்லை. மேல்வரிசை சாகும், அடிவரிசை பிழைக்கும். செத்த மேல்வரிசையே பிழைத்தவற்றுக்கு உணவாகிவிடும். குளோரீன் போட்ட மறுநாள் தண்ணீர் சுத்தமாகத் தெரிந்து, பிறகு பழையபடி ஆனதற்கு இதுவே காரணம். தூள் பழையது என்றோ போட்டவருக்கு அளவு தெரியாது என்றோ யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. வரிசைதான் மாறிவிட்டது. முதலில் தேய்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மருந்து.

பால் கேனிலும் அதே வரிசைப் பிழைதான் நடக்கிறது. பால் ஊற்றிய கேனில் கொதிநீரை முதலில் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து உலோகத்தில் இறுகிவிடும். அதன் மேல் பாலின் கல்சியமும் சேர்ந்து கெட்டியான படை உருவாகும். பற்றீரியாவுக்கு அதைவிட நல்ல தரை கிடைக்காது. பால் கொடுத்து முடிந்த உடனே, காயவிடாமல், பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவும் தூள் போட்டு பிரஷால் தேயுங்கள், முக்கியமாகக் கழுத்து மடிப்பிலும் மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும். அலசிவிட்டுக் கடைசியாகத்தான் கொதிநீர். பிறகு கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். கம்பிச் சுருளால் தேய்க்க வேண்டாம். அலுமினியக் கேனில் அது போடும் ஒவ்வொரு கீறலும் அடுத்த குடியேற்றத்துக்கு இடம்.

தாங்கிக்கும் இதேபோல. தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு, நைலோன் பிரஷால் சுவரையும் தரையையும் மூலைகளையும் தேய்த்து, கழிவை வெளியே தள்ளுங்கள். அதன் பின் நிரப்பி, 1000 லீற்றருக்கு 50 கிராம் குளோரீன் கிடைக்கும்படி தூளைக் கரைத்து ஊற்றுங்கள். தூளில் 30 சதவீதம் குளோரீன் என்றால் 165 கிராம் அளவு வரும். மூடிவைத்த பழைய தூளில் வீரியம் குறைந்திருக்கும் என்பதால் புதிதாக வாங்குவது நல்லது. தாங்கியிலிருந்து லயத்துக்குப் போகும் பைப்பிலும் அந்தத் தண்ணீர் நிறையும்படி பீலியைத் திறந்து, குளோரீன் மணம் வந்ததும் மூடிவிடுங்கள். 24 மணி நேரம் அப்படியே விட்டு முழுவதையும் வெளியேற்ற வேண்டும். ஒருவரும் அதைக் குடிக்கக் கூடாது. எல்லா வீடுகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மீன் உள்ள ஓடையில் நேராக விடாமல் வெற்றுத் தரையில் இறக்குங்கள். திரும்பப் பாவிக்கத் தொடங்கும்போது தண்ணீரில் எஞ்சிய குளோரீனை அளந்து பார்க்கும்படி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். படலத்தில் இருப்பவை பெரும்பாலும் தீங்கற்றவைதான். ஆனால் ஊற்றுக்கு மேலே மாடோ மலக்குழியோ இருந்தால் நோய்க்கிருமிகளும் அந்தப் படலத்தில் இடம்பிடிக்கும். ஆகவே குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் விட வேண்டாம்.

இதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட ஒரு வழி உண்டு. பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள கண்ணாடி வழுக்கி (நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடு) ஒன்றை நூலில் கட்டித் தாங்கிக்குள் இரண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். ஆர்தர் ஹென்றிசி என்ற நுண்ணுயிரியலாளர் 1930களில் ஏரித் தண்ணீரில் இப்படித்தான் செய்து பார்த்தார். எடுத்து, ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு, மறுபக்கத்தை மெதுவாக அலசி, காற்றில் உலர்த்தி, சுடரின் மேல் இரண்டு முறை காட்டி, ஊதாச் சாயம் ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் சின்னப் புள்ளிகளும் கோல்களும் தெரியும். தொங்கவிடும் முன் கண்ணாடியில் மெல்லிய கோடொன்று கீறிவைத்தால், அந்தக் கோட்டின் ஓரத்திலும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பைப்பை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டீர்கள். அரை அங்குல பைப்பின் உள்ளே பிரஷ் விட முடியாது என்பதால், மிக மோசமான துண்டுகளை மாற்றுவது வீண் செலவல்ல. ஆனால் புதுப் பைப்பிலும் சில நாட்களில் படலம் தொடங்கிவிடும். அதனால் மாற்றும்போதே லைன் பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு இடத்திலும் கழிவை இறக்கும் வால்வு ஒன்று பொருத்துங்கள். தாங்கி நிறைந்திருக்கும் நேரத்தில் அதை முழுக்கத் திறந்துவிட்டால், தளர்ந்த படையும் வண்டலும் அந்த வழியே போய்விடும். ஊற்றின் வாயில் இலை விழாமல் மூடியும், மணல் தங்க ஒரு சிறு தொட்டியும் கட்டினால் உள்ளே போகும் உணவு குறையும், படலமும் மெதுவாகவே வளரும்.